முழு வர்க்கங்கள் வரும் ஒருங்கமைச் சமன்பாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் எண்ணுடன் 15-ஐக் கூட்டினால் முழு வர்க்கம் வருகிறது. அதே எண்ணுடன் 120-ஐக் கூட்டினாலும் முழு வர்க்கம் வருகிறது. அந்த எண் எது? பார்க்க எளிமையான இந்தக் கேள்வியைக் கையில் கொடுத்தால், பெரும்பாலோர் 1, 2, 3 என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஒரு விடை கிடைத்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அது ஒன்றுதானா, இன்னும் இருக்கின்றனவா என்ற கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை கணக்கு தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

முதலில், இங்கே எழுத்துகளும் சொற்களும் எதைக் குறிக்கின்றன?

ந, க, ச, ட, ப, ம ஆகியவை முழு எண்கள். வேறு எதுவும் சொல்லாத இடத்தில் குறை எண்களும் சுழியமும் அதில் அடங்கும். 0, 1, 4, 9, 16, 25 என்று ஒரு முழு எண்ணைத் தன்னாலேயே பெருக்கக் கிடைப்பது முழு வர்க்கம். சுருக்கமாக 'வர்க்கம்' என்றே எழுதுகிறேன். சுழியமும் வர்க்கம்தான். இதை மறப்பதால் விடைத்தாளில் போகும் மதிப்பெண்கள் கொஞ்சமல்ல.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

கழித்தலிலிருந்து. இரண்டு சமன்பாடுகளை எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, தெரியாத எண்ணை வெளியேற்றிவிடுங்கள்.

ந + 15 = க²
ந + 120 = ச²

கழித்தால் ச² − க² = 105. இடப்பக்கம் இரு வர்க்கங்களின் வித்தியாசம். எட்டாம் வகுப்பிலேயே படித்த முற்றொருமைப்படி அது (ச − க)(ச + க). ஆக, இரண்டு முழு எண்களின் பெருக்கற்பலன் 105. அளவில்லாத எண்களுக்குள் தேடிக்கொண்டிருந்த நாம், ஒரே வரியில் 105-இன் காரணிகளுக்குள் வந்துவிட்டோம்.

க, ச இரண்டையும் குறையல்லாத எண்களாக எடுத்துக்கொள்ளலாம். வர்க்கம் எடுக்கும்போது குறி மறைந்துவிடுகிறது. 105-ஐ இரு காரணிகளாகப் பிரிக்க நான்கே வழிகள்: 1 × 105, 3 × 35, 5 × 21, 7 × 15. சிறிய காரணி ச − க, பெரியது ச + க. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ச. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துப் பாதியாக்கினால் க.

1 × 105: ச = 53, க = 52. ந = 2704 − 15 = 2689.
3 × 35: ச = 19, க = 16. ந = 256 − 15 = 241.
5 × 21: ச = 13, க = 8. ந = 64 − 15 = 49.
7 × 15: ச = 11, க = 4. ந = 16 − 15 = 1.

விடைகள் 1, 49, 241, 2689. நான்குதான், ஐந்தாவது இருக்கவே முடியாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவர் 1-ஐ உடனே பிடிப்பார், 49-ஐயும் பிடிக்கக்கூடும். 2689 வரை பொறுமையாக வருபவர் அரிது. வந்தாலும் அதோடு முடிந்தது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியாது. காரணிப்படுத்துவதன் அருமை இதுதான்: விடைகளைத் தருவதோடு, வேறு இல்லை என்ற உறுதியையும் சேர்த்தே தருகிறது.

வித்தியாசம் இரட்டைப்படை எண்ணாக இருந்தால் என்ன செய்வது?

ச − க, ச + க ஆகிய இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 2க. அது இரட்டைப்படை எண் என்பதால், இரு காரணிகளும் ஒன்றாக ஒற்றைப்படையாகவோ ஒன்றாக இரட்டைப்படையாகவோதான் இருக்க முடியும். இந்தச் சிறிய விதியை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள். பல கடினமான நிரூபணங்களின் அடியில் இது ஒளிந்திருப்பதைப் பிறகு காண்பீர்கள்.

வித்தியாசம் 60 என்றால் 1 × 60, 3 × 20, 4 × 15, 5 × 12 ஆகிய நான்கையும் தள்ளிவிட வேண்டும். மிஞ்சுபவை 2 × 30, 6 × 10. அவை தரும் சோடிகள் (14, 16), (2, 8).

வித்தியாசம் 22 என்றால்? 1 × 22, 2 × 11 இரண்டிலுமே ஒன்று ஒற்றை, மற்றொன்று இரட்டை. ஆகவே தீர்வே இல்லை. பொதுவாக, 4-ஆல் வகுத்தால் மீதி 2 வரும் எந்த எண்ணும் இரு வர்க்கங்களின் வித்தியாசமாக இருக்காது. ந + 7, ந + 29 இரண்டும் வர்க்கங்கள் என்று யாரேனும் கேட்டால், பேனாவைத் திறக்காமலே 'இல்லை' என்று சொல்லிவிடலாம்.

எத்தனை தீர்வுகள் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

முடியும். வித்தியாசம் ஒற்றைப்படை என்றால், அதை இரு காரணிகளாகப் பிரிக்கும் வழிகளின் எண்ணிக்கையே தீர்வுகளின் எண்ணிக்கை. 4-இன் மடங்கு என்றால் முதலில் 4-ஆல் வகுத்துவிட்டு, வருவதைப் பிரிக்கும் வழிகளை எண்ணுங்கள். 60-ஐ 4-ஆல் வகுத்தால் 15. அதைப் பிரிக்க 1 × 15, 3 × 5 என இரண்டு வழிகள். வித்தியாசமே ஒரு வர்க்கம் என்றால் சமக் காரணிகளை விட்டுவிடாதீர்கள்: 9 = 3 × 3 என்பது 0, 3 என்ற சோடியைத் தருகிறது; 3² − 0² = 9 சரியான தீர்வுதான்.

மூன்றாவதாக ஒரு நிபந்தனை சேர்ந்தால்?

மாறிலிகள் மட்டுமே வேறுபடும் சமன்பாடுகள் என்றால் கவலை வேண்டாம். முதல் இரண்டிலிருந்து கிடைக்கும் சில விடைகளை மூன்றாவதில் போட்டுப் பார்த்தால் போதும். மேலே உள்ள கணக்கில் 'ந-வும் வர்க்கமாக இருக்க வேண்டும்' என்று சேர்த்தால், 1, 49 நிலைக்கின்றன. 241, 2689 உதிர்கின்றன. எந்த இரண்டு சமன்பாடுகளை முதலில் எடுப்பது என்பதில் மட்டும் சற்று யோசியுங்கள். எந்தச் சோடியின் வித்தியாசத்துக்குக் காரணிகள் குறைவோ அதையே எடுக்க வேண்டும். வித்தியாசம் பகா எண்ணாக இருந்தால் யோகம், ஒரே வழிதான்.

தீர்வே இல்லை என்று எப்படிக் காட்டுவது?

மீதிகளைப் பாருங்கள். எந்த வர்க்கத்தையும் 3-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. 4-ஆல் வகுத்தாலும் 0 அல்லது 1. 5-ஆல் வகுத்தால் 0, 1, 4. 8-ஆல் வகுத்தால் 0, 1, 4. ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் மீதி எப்போதும் 1. கடைசி இலக்கம் 2, 3, 7, 8 ஆக முடியும் எண் வர்க்கமாகவே இருக்காது.

இந்த எளிய கருவி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1986-ஆம் ஆண்டு சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டின் முதல் கணக்கு நல்ல சான்று. 2, 5, 13 ஆகியவற்றில் எந்த இரண்டைப் பெருக்கி 1-ஐக் கழித்தாலும் 9, 25, 64 என வர்க்கமே வருகிறது. இவற்றுடன் நான்காவதாக எந்த நேர் முழு எண்ணைச் சேர்த்தாலும் இந்த ஒழுங்கு கெட்டுவிடும் என்று நிறுவ வேண்டும். அதாவது 2ந − 1, 5ந − 1, 13ந − 1 மூன்றும் ஒரே நேரத்தில் வர்க்கங்களாக இருக்க முடியாது.

மூன்றும் வர்க்கங்கள் என்றே வைத்துக்கொள்வோம். 2ந − 1 ஒற்றைப்படை. ஒற்றைப்படை வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே 2ந-ஐ 8-ஆல் வகுக்க மீதி 2. அப்படியானால் ந-ஐ 4-ஆல் வகுக்க மீதி 1. ஆக, ந ஒற்றைப்படை. இப்போது 5ந − 1, 13ந − 1 இரண்டும் இரட்டைப்படை வர்க்கங்கள். அவற்றை (2ப)², (2ம)² என்று எழுதலாம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 8ந = 4(ம² − ப²), அதாவது 2ந = ம² − ப². ந ஒற்றைப்படை என்பதால் 2ந-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 2. அத்தகைய எண் இரு வர்க்கங்களின் வித்தியாசமாக வராது என்று முன்பே பார்த்தோம். முரண்பாடு, நிரூபணம் முடிந்தது.

இந்த மூன்று நிபந்தனைகளில் ஒவ்வொன்றும் தனியே நிறைவேறக்கூடியது. ந = 5 என்றால் முதலாவது 9; ந = 2 என்றால் இரண்டாவது 9; ந = 5 என்றாலே மூன்றாவது 64. சேர்ந்து நிற்கத்தான் முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: மீதிச் சோதனையில் தோற்றால் தீர்வு இல்லை என்பது உறுதி, வென்றால் தீர்வு உண்டு என்று பொருளல்ல.

தெரியாத எண்கள் இரண்டு இருந்து, கழித்தாலும் மாறிலி கிடைக்காவிட்டால்?

அப்போது நெருக்கிப் பிடிக்க வேண்டும். அடுத்தடுத்த இரு வர்க்கங்களுக்கு இடையே வேறு வர்க்கம் கிடையாது என்பதே இங்கு ஆயுதம். க² + 5ச, ச² + 5க இரண்டும் வர்க்கங்களாக அமையும் நேர் முழு எண்கள் அனைத்தையும் காண்போம். இந்தக் கணக்கைச் சற்று விரிவாகவே செய்து காட்டுகிறேன். இதை ஒருமுறை முழுதாகப் பின்தொடர்ந்தவருக்கு இந்த வகையில் மற்றவை தாமே வசப்படும்.

க, ச இரண்டில் க சிறியதல்ல என்று கொள்வோம். அப்போது க² + 5ச ≤ க² + 5க; இது (க + 3)² = க² + 6க + 9 என்பதைவிடச் சிறியது. அதே நேரத்தில் க²-ஐவிடப் பெரியது. ஆகவே அது (க + 1)² அல்லது (க + 2)² ஆகத்தான் இருக்க முடியும்.

முதல் வழி, (க + 1)²: 5ச = 2க + 1. ச ஒற்றைப்படை; ச = 2ப + 1 என்று வைத்தால் க = 5ப + 2. இரண்டாவது கோவை ச² + 5க = 4ப² + 29ப + 11 ஆகிறது. இது (2ப)²-ஐவிடப் பெரியது என்பதால் (2ப + ம)² என்று எழுதலாம். ம நேர் எண். விரித்துச் சுருக்கினால் ப(29 − 4ம) = ம² − 11. ம = 1, 2, 3 எனில் வலப்பக்கம் குறை எண், இடப்பக்கம் குறையல்ல; பொருந்தாது. ம = 4 எனில் 13ப = 5, ம = 5 எனில் 9ப = 14; இரண்டும் முழு எண் தரவில்லை. ம = 6 எனில் 5ப = 25, அதாவது ப = 5. ம = 7 எனில் ப = 38. ம 8 அல்லது அதற்கு மேல் போனால் இடப்பக்கம் நேர் எண்ணாக வராது, வலப்பக்கம் நேர் எண். ஆகவே கிடைப்பவை இரண்டு: ப = 5 தருவது (27, 11); ப = 38 தருவது (192, 77).

இரண்டாவது வழி, (க + 2)²: 5ச = 4க + 4. ச = 4ப, க = 5ப − 1. இரண்டாவது கோவை 16ப² + 25ப − 5 = (4ப + ம)²; இதிலிருந்து ப(25 − 8ம) = ம² + 5. ம = 1 எனில் 17ப = 6, ஆகாது. ம = 2 எனில் 9ப = 9, ப = 1. ம = 3 எனில் ப = 14. அதற்கு மேல் இடப்பக்கம் குறை எண்ணாகிவிடுகிறது. கிடைப்பவை (4, 4), (69, 56).

சரிபார்த்துவிடுவோம். 16 + 20 = 36. 729 + 55 = 784 = 28², 121 + 135 = 256 = 16². 4761 + 280 = 5041 = 71², 3136 + 345 = 3481 = 59². 36864 + 385 = 37249 = 193², 5929 + 960 = 6889 = 83². இடம் மாற்றி எழுதுவதைத் தவிர்த்தால் இந்த நான்கு சோடிகள்தான்.

இதே கணக்கில் 5 இருக்கும் இடத்தில் 4-ஐ வைத்துப் பாருங்கள். க² + 4ச இப்போது (க + 2)²-ஐவிடச் சிறியது. ஆக அது (க + 1)². அப்படியானால் 4ச = 2க + 1. இரட்டைப்படை எண் ஒற்றைப்படை எண்ணுக்குச் சமமாகாது. ஒரு தீர்வும் இல்லை. ஓர் இலக்கம் மாறியதும் நான்கு விடைகள் ஒன்றுமில்லாமல் போகின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

கெழுக்கள் வேறுபட்டால், எடுத்துக்காட்டாக ந + 1, 2ந + 1 இரண்டும் வர்க்கங்கள் என்றால்?

இங்கே கணக்கின் இயல்பே மாறுகிறது. ந + 1 = க², 2ந + 1 = ச² என்று எழுதி ந-ஐ வெளியேற்றினால் ச² − 2க² = −1. 2-க்கு முழு எண் வர்க்கமூலம் இல்லாததால் இடப்பக்கத்தை முழு எண்களில் காரணிப்படுத்த முடியாது. காரணி என்ற வேலி இல்லாததால் விடைகள் முடிவின்றிப் போகின்றன.

(ச, க) = (1, 1) ஒரு தீர்வு. ஒரு தீர்விலிருந்து அடுத்ததைப் பெற, ச இருக்கும் இடத்தில் 3ச + 4க, க இருக்கும் இடத்தில் 2ச + 3க என்று வையுங்கள். (1, 1), (7, 5), (41, 29), (239, 169) என்று வரிசை வளர்கிறது. அவற்றுக்குரிய ந: 0, 24, 840, 28560. சோதனைக்கு 840-ஐ எடுத்தால் 841 = 29², 1681 = 41². இந்த ந எல்லாம் 24-இன் மடங்குகள் என்பதைக் கவனித்தீர்களா? க எப்போதும் ஒற்றைப்படை, 3-ஆல் வகுபடாதது. அத்தகைய எண்ணின் வர்க்கத்தை 24-ஆல் வகுத்தால் மீதி 1.

3, 4, 2, 3 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? 3² − 2 × 2² = 1 என்பதிலிருந்து. இவ்வகைச் சமன்பாட்டின் ஒரு தீர்வையும் மற்றொரு தீர்வையும் பிணைத்துப் புதிய தீர்வு செய்யும் முறையைத் தந்தவர் பிரம்மகுப்தர். 628-இல் எழுதிய பிராம்மஸ்புடசித்தாந்தத்தில் அது இருக்கிறது. பாவனை என்பது அதன் பெயர். அவருடைய புகழ்பெற்ற கணக்கு ச² − 92க² = 1; ஓராண்டுக்குள் இதைத் தீர்ப்பவரே கணிதர் என்று அவர் எழுதினார். பாவனை தெரிந்தால் ஓராண்டு வேண்டாம். 10² − 92 × 1² = 8. இந்தத் தீர்வைத் தன்னோடு பிணைத்தால் (10² + 92 × 1² = 192, 2 × 10 × 1 = 20) 192² − 92 × 20² = 64. 64-ஆல் வகுக்க, 24, 5/2 என்ற சோடி 1-ஐத் தருகிறது. பின்னம் வந்துவிட்டதே என்று நிறுத்த வேண்டாம். அதையும் தன்னோடு ஒருமுறை பிணைத்தால் 1151, 120. 1151² = 1324801; 92 × 14400 = 1324800. நான்கே வரிகள்.

பின்வந்த பாஸ்கரர் 1150-இல் எழுதிய பீஜகணிதத்தில் பாவனையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சக்கரவாள முறையால் 92-க்குப் பதில் 61 வரும் ச² − 61க² = 1 என்பதற்கு விடை தந்தார். க-வின் மிகச் சிறிய மதிப்பு 226153980. ச-வின் மதிப்பு 1766319049. 1657-இல் ஃபெர்மா ஐரோப்பியக் கணிதர்களுக்குச் சவாலாக விட்டதும் இதே 61-தான். இந்தச் சமன்பாட்டை உலகம் 'பெல் சமன்பாடு' என்கிறது. ஆய்லர் தவறுதலாக ஜான் பெல் பெயரைச் சூட்டிவிட, அதுவே நிலைத்துவிட்டது. பிரம்மகுப்தரின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதே நியாயம் என்று கருதுகிறேன்.

அப்படியானால் ந + 1, 2ந + 1, 3ந + 1 மூன்றும் வர்க்கங்களாக முடியுமா?

24-ஐப் போட்டால் 73, 840-ஐப் போட்டால் 2521, இரண்டும் வர்க்கங்களல்ல. முடிவில்லாத வரிசையில் எங்கேனும் ஒன்று பொருந்தாதா என்ற ஆசை இயல்பானது. ஆனால் 1, ந + 1, 2ந + 1, 3ந + 1 என்று நான்கையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே ந. இது ஒரு கூட்டுத் தொடர்வரிசை. முதல் உறுப்பான 1-உம் வர்க்கம். வெவ்வேறான நான்கு வர்க்கங்கள் கூட்டுத் தொடர்வரிசையில் அமையவே முடியாது என்று ஃபெர்மா சொன்னார், ஆய்லர் நிறுவினார். ஆகவே ந = 0 மட்டுமே விடை. 1, 25, 49 என மூன்று வர்க்கங்கள் அமைவது முடிவிலி தடவை நடக்கும்; நான்கு ஒருமுறையும் நடக்காது.

மூன்று நிபந்தனை என்றாலே விடை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ந + 1, 3ந + 1, 8ந + 1 மூன்றையும் எடுப்போம். முதல் இரண்டு மட்டும் வர்க்கங்களாகும் எண்கள் 0, 8, 120, 1680 என்று நீள்கின்றன. 120-இல் 121, 361, 961: முறையே 11, 19, 31 ஆகியவற்றின் வர்க்கங்கள். 1, 3, 8, 120 என்ற இந்த நால்வரைக் கண்டவர் ஃபெர்மா. எந்த இரண்டைப் பெருக்கி 1-ஐக் கூட்டினாலும் வர்க்கம். 120-க்கு மாற்றாக வேறு நேர் எண் இல்லை என்று 1969-இல் ஆலன் பேக்கரும் ஹெரால்டு டேவன்போர்ட்டும்தான் நிறுவினார்கள். இந்தப் பண்புடைய ஐந்து நேர் முழு எண்களே கிடையாது என்ற நிரூபணம் 2019-இல் அச்சில் வந்தது. பள்ளிக் கணக்கின் பக்கத்து வீட்டிலேயே இவ்வளவு ஆழமான கணிதம் குடியிருக்கிறது.

முழு எண்களில் தீர்வு இல்லை என்றால் பின்னங்களில் இருக்குமா?

இருக்கலாம். க² − 5, க² + 5 இரண்டும் வர்க்கங்களாக வேண்டும் என்பது ஃபிபொனாச்சியின் முன் வைக்கப்பட்ட கேள்வி. முழு எண்களில் க² + 5 வர்க்கமாவது க = 2 அல்லது −2 என்னும்போது மட்டுமே; அப்போது க² − 5 = −1. விடை இல்லை. பின்னங்களில் அவர் கண்ட விடை 41/12. அதன் வர்க்கத்திலிருந்து 5-ஐக் கழித்தால் 31/12-இன் வர்க்கம், கூட்டினால் 49/12-இன் வர்க்கம். 1225-இல் வர்க்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் இந்தக் கேள்வியைச் சுற்றியே வளர்ந்தது. இந்த மூன்று வர்க்கங்களையும் 144-ஆல் பெருக்கிப் பார்த்தால் 961, 1681, 2401: மறுபடியும் மூன்று வர்க்கங்களின் கூட்டுத் தொடர்வரிசை, இடைவெளி 720.

5 இருக்கும் இடத்தில் 1, 2, 3 எதை வைத்தாலும் பின்னத்திலும் விடை இல்லை. 6, 7 வைத்தால் உண்டு.

எல்லாத் தீர்வுகளும் வேண்டாம், முடிவில்லாமல் தீர்வுகள் தரும் ஒரு சூத்திரம் போதும் என்றால்?

அதற்குப் பாஸ்கரரின் லீலாவதி என்ற நூலைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டி 1-ஐக் கழித்தாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து 1-ஐக் கழித்தாலும் வர்க்கம் வர வேண்டும். பாஸ்கரர் காட்டும் வழி: க = 8ப⁴ + 1, ச = 8ப³. ப = 1 எனில் 9, 8: கூட்டினால் 144, கழித்தால் 16. ப = 2 எனில் 129, 64: கூட்டினால் 144-இன் வர்க்கம், கழித்தால் 112-இன் வர்க்கம். க² + ச² − 1 என்பதை விரித்தால் 16ப⁴(2ப² + 1)² என்று அழகாக மடிகிறது. மற்றதில் கூட்டல் குறி கழித்தலாகிறது, அவ்வளவே. இது எல்லாத் தீர்வுகளையும் தருகிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சூத்திரம் தருவது ஒரு குடும்பத்தை.

கணினியில் தேடினால் போதாதா?

தேடலாம், இரண்டு எச்சரிக்கைகளோடு. முதலாவது, வர்க்கமூலத்தைத் தசம எண்ணாகக் கணக்கிட்டுச் சோதிக்காதீர்கள். வழக்கமான 64 பிட் மிதவைப் புள்ளி முறையில் 9007199254740992-க்கு மேல் எல்லா முழு எண்களையும் துல்லியமாக வைக்க இடமில்லை. 10¹⁶ + 1 அங்கே 10¹⁶ ஆகச் சுருங்கிவிடும். அதன் வர்க்கமூலம் சரியாக 10⁸ என்று வரும். நிரல் அதை வர்க்கம் என்று அறிவித்துவிடும். முழு எண் வர்க்கமூலத்தை எடுத்து, மறுபடி பெருக்கி, ஒப்பிட்டுப் பாருங்கள். பைதான் மொழியில் 3.8 பதிப்பிலிருந்து இதற்கெனவே ஒரு செயற்கூறு இருக்கிறது.

இரண்டாவது, ந-ஐ ஒவ்வொன்றாக ஓட்டாமல் க-ஐ ஓட்டுங்கள். கோடி வரையுள்ள ந-ஐத் தேடச் சுமார் 3162 க-க்கள் போதும். பெல் சமன்பாடு வரும் இடத்தில் அதுகூட வேண்டாம். வரிசையின் அடுத்த உறுப்பு, அதற்கடுத்தது என்று தாவலாம்.

இன்னும் யாரும் தீர்க்காத கணக்குகள் இதில் உண்டா?

உண்டு. ஒரு செவ்வகப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் முழு எண்கள். மூன்று பக்கங்களின் மூலைவிட்டங்களும் முழு எண்கள். இதுவரை முடியும்: 44, 117, 240 எடுத்தால் மூலைவிட்டங்கள் 125, 244, 267. பால் ஹால்க்கே 1719-இல் கண்டது இது. பெட்டியின் உள்ளே மூலைக்கு மூலை போகும் நீண்ட மூலைவிட்டமும் முழு எண்ணாக வேண்டும் என்று நான்காவது சமன்பாட்டைச் சேர்த்தால்? இந்தப் பெட்டியில் அது 73225-இன் வர்க்கமூலம். 270-க்கும் 271-க்கும் நடுவே நிற்கிறது. அப்படி ஒரு பெட்டி இருக்கிறதா என்பது இன்றுவரை தெரியாது. இல்லை என்றும் யாரும் நிறுவவில்லை.

எந்த வரிசையையும் நிரலையும் மூலைவிட்டத்தையும் கூட்டினாலும் ஒரே தொகை வரும் கட்டமே மாயச் சதுரம். மூன்றுக்கு மூன்று மாயச் சதுரத்தை ஒன்பது வெவ்வேறு வர்க்கங்களால் நிரப்ப முடியுமா என்பதும் திறந்த கேள்வியே. மாயச் சதுரத்தில் நடுக்கட்டத்தின் வழியே போகும் நான்கு வரிசைகளும் கூட்டுத் தொடர்வரிசைகள். ஆக, ஒரே நடு வர்க்கத்தைச் சுற்றி 1, 25, 49 போன்ற மும்மைகள் நான்கு தேவை. அவை கிடைத்தாலும் ஓரங்களின் கூட்டுத்தொகை பொருந்த வேண்டும். நான்குக்கு நான்கு சதுரத்தை ஆய்லர் 1770-இலேயே செய்துவிட்டார்.

சில பயிற்சிகள் தர முடியுமா?

ந + 3, ந + 48 இரண்டும் வர்க்கங்கள். (விடை: 1, 33, 481.)

2ந + 1, 3ந + 1 இரண்டும் வர்க்கங்களாகும் மிகச் சிறிய இரண்டு நேர் எண்கள். (விடை: 40, 3960. எல்லா விடைகளும் 40-இன் மடங்குகள் என்றும் காட்டிப் பாருங்கள். 5-ஆலும் 8-ஆலும் மீதி பார்த்தால் போதும்.)

க² + 3ச, ச² + 3க இரண்டும் வர்க்கங்கள். க, ச நேர் எண்கள். (விடை: 1, 1 மற்றும் 16, 11. மேலே 5-க்குச் செய்ததைவிடச் சிறிய வேலை. ஒரே வழிதான் பிரியும்.)

ந + 10, ந + 94 இரண்டும் வர்க்கங்கள். (விடை: 6, 390. வித்தியாசம் 84, ஒற்றையும் இரட்டையும் கலந்த காரணிச் சோடிகளைத் தள்ள மறந்தால் பின்னங்கள் வந்து நிற்கும்.)